சீனியம்மாள் தூற்றிய மண்

மாலத்தீவுகளின் வரைபடத்தில் தெற்கே, எழுதுகிறவன் கை தவறிப் பேனாவால் தொட்டுவிட்டது போலிருக்கும் ருக்குதூ என்கிற தீவில், தென்னை உண்டு, சீமைப்பலா உண்டு, பள்ளிவாசல் உண்டு, பள்ளிக்கூடமும் சுகாதார நிலையமும் எண்பது வீடும் எண்பது வீட்டுச் சண்டையும் உண்டு, மண் மட்டும் கிடையாது. தரை என்பது பவளப்பாறை பொடிந்த வெள்ளை மணல். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி இருக்கும், விதை போட்டால் விதை வெந்துபோகும். அதனால் அந்த ஊர்ப் பெண்கள் தலைநகரத்திலிருந்து தோணியில் மூட்டையாக வரும் மண்ணைப் பெயிண்ட் டப்பாவில் போட்டு, செடிக்கு ஒரு டப்பா என்று மிளகாய் வளர்த்தார்கள். கல்யாணமாகிப் போகிற பெண் நகைப்பெட்டியை மறந்தாலும் மறப்பாள், மிளகாய் டப்பாவை மறக்கமாட்டாள். அங்கேயும் படகுக்குத் தோணி என்றுதான் பேர், வந்த புதிதில் மாரிக்கனிக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான்.

அவளும் அவள் புருஷன் இன்னாசியும் அந்தத் தீவில் வந்து இறங்கிய ஒன்பதாம் நாள், மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, மாரிக்கனியின் சோற்றில் மண் விழுந்தது.

அவள் சுகாதார நிலையத்தில் நர்ஸ், அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, பாயை விரித்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சூரைமீன் குழம்பை ஊற்றிப் பிசைந்த நேரம். தகரக் கூரையில் ஓட்டை இல்லை, உள்ளே காற்றும் இல்லை. முதலில் ஒரு பிடி விழுந்தது, பின்னாலேயே அரைப்படி, அதற்கும் பின்னால் யாரோ கூடையைக் கவிழ்த்தது போலப் பொதபொதவென்று விழுந்து, தட்டையும் மூடி, அவள் மடியையும் தலையையும் மூடி, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து நின்றது. கன்னங்கரேலென்ற கரிசல் மண். அதில் ஒரு பருத்திக்கொட்டையும் ரெண்டு ஓடைக்கல்லும் கிடந்தன. மாரிக்கனி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எங்கம்மா," என்றாள்.

இன்னாசி தன் தட்டைப் பார்த்தான். அதில் ஒரு பொட்டு மண் இல்லை. "ம்," என்று சொல்லிவிட்டு, தன் சோற்றில் பாதியை அவளுக்குப் பங்கு வைத்தான்.

சீனியம்மாளைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில், புருஷன் செத்தபோது நாலு வயசுப் பிள்ளையையும் ஒன்பது குறுக்கம் காட்டையும் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றவள், கொழுந்தன்மார் கண்ணில் விரலை விட்டு ஆட்டிக் காட்டைக் காப்பாற்றியவள், ஆண்பிள்ளைக்கு நிகராக ஏர் பிடித்து மகளை நர்ஸ் படிப்புப் படிக்க வைத்தவள். அவளைப் பற்றிக் குறை சொல்ல அந்தப் பக்கம் ஒரு நாக்கும் கிடையாது. ஆனால் அவள் காட்டில் காலமெல்லாம் களையெடுத்த இன்னாசியின் தாய் ராக்கேலுக்குத் தண்ணீர் ஊற்றினால் உயரத்தில் நின்று குவிந்த கையில் ஊற்றுவாள். வெற்றிலை கொடுத்தால் வரப்பில் வைத்துவிட்டு நாலடி நகர்ந்துகொள்வாள். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இருக்கிற யாருடைய பெயரையும் அவள் வாயால் சொன்னதில்லை. 'அந்தப் பக்கத்து ஆளுக' என்பாள், அவ்வளவுதான், எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெயர்.

அந்தத் தெருவிலிருந்துதான் மகள் மாப்பிள்ளை பிடித்தாள். பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாமான்களை எடுக்க வந்தவர்கள் பன்னிரண்டரை பஸ்ஸுக்கு நின்றபோது, காட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்த சீனியம்மாள் ரோட்டோரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். "ஏட்டி, நீ திங்கிற சோத்துல மண்ணு விழ. நீ வாழுற வீட்டுல எருக்கு முளைக்க. தெனமும் இந்த பஸ்ஸு போறப்ப உம்பேருக்கு ஒரு பிடி தூத்துவேன், என் கட்டை வேகுற மட்டும் தூத்துவேன்" என்றாள். இருவரும் கையைக் கோத்துக்கொண்டுதான் நின்றார்கள். மண் முழுக்க மாரிக்கனி மேல் விழுந்தது. அவனுடைய வெள்ளைச் சட்டையில் ஒரு பொடிகூடப் படவில்லை. ஊரே அதைப் பார்த்தது. தொட்டுக் கொடுக்காதவள் தொட்டு வையவும் மாட்டாள் போலிருக்கிறது என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னாசியின் காதில் விழுந்தது.

சொன்னபடி அவள் செய்தாள். மாரிக்கனியின் பெரியப்பா மகன் செந்தட்டி போனில் சொல்லுவான்: மழையானாலும் வெயிலானாலும் சித்தி பன்னிரண்டரைக்கு ரோட்டுக்கு வந்துவிடுகிறாள், கண்டக்டர் அந்த நிறுத்தம் வந்ததும் ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொல்லிவிடுகிறான், பஸ்ஸின் பின்பக்கம் எப்போதும் கறுப்பாகவே இருக்கிறது. பஸ் மேல் தூற்றிய மண் பஸ்ஸோடு கிளம்பிக் கடல் தாண்டி வந்துவிட்டது. ஊரில் பன்னிரண்டரை என்றால் தீவில் பன்னிரண்டு, சோற்றுக்குத் தோதான நேரம். அங்கே ஒரு பிடியாகக் கிளம்பினது இங்கே ஒரு வண்டியாக வந்து விழுந்ததில் மாரிக்கனிக்கு ஆச்சரியம் இல்லை. சாபம் தூரம் போகப் போகக் கனக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் ஒரு வாரம் ஒருவருக்கும் தெரியாமல் சமாளித்தார்கள். மண்ணைச் சாக்கில் கட்டி, இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து, கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எட்டாம் நாள், அலைக்குப் பக்கத்தில் அவள் சாக்கைக் கவிழ்க்கிற நேரத்தில், ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வீட்டுக்காரி ஹவ்வா. நாற்பது வயசு, ஏழு மிளகாய் டப்பாவுக்குச் சொந்தக்காரி, எதற்கும் அசராதவள். அவள் சினிமா பார்த்துப் படித்த இந்தியும், மாரிக்கனி ஊசி போட்டுப் படித்த தீவு மொழியும் கலந்து இருவரும் பேசிக்கொண்ட பாஷைக்கு இன்றுவரை பெயர் கிடையாது. நெய்யைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுகிறவளைப் பார்க்கிற மாதிரி ஹவ்வா அவளைப் பார்த்தாள். மாரிக்கனி ஒளிக்கவில்லை, என் அம்மா எனக்கு விட்ட சாபம், மத்தியானத்தில் விழுகிறது என்றாள். ஹவ்வா மண்ணை முகர்ந்து பார்த்தாள், விரலில் தேய்த்துப் பார்த்தாள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: வெள்ளிக்கிழமையும் விழுமா?

பஸ் ஓடுகிற நாளெல்லாம் விழும் என்றாள் மாரிக்கனி.

மறுநாள் பதினொன்றரைக்கே வாசலில் டப்பாக்கள் வந்துவிட்டன. பெயிண்ட் டப்பா, பால்பவுடர் டப்பா, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பேசின், உடைந்த தோணியின் அடித்தட்டு, எது மண் தாங்குமோ அது. யார் முதலில் என்று தகராறு வந்து, தீவுத் தலைவர் ஹசன் திதி வந்து, சாபம் என்பது குடியிருக்கிறவளுக்கா வீட்டுக்காரிக்கா என்று ஒரு மணி நேரம் யோசித்து, யாருடைய சோற்றில் விழுகிறதோ அவளுக்கே என்று தீர்ப்புச் சொன்னார். மாரிக்கனி எல்லாருக்கும் என்றாள். தெருவுக்கு ஒரு நாள் என்று இன்னாசி அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினான். மத்தியானச் சோற்றைப் பன்னிரண்டே காலுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆனால் அந்த மண் சோறு இல்லாமல் இறங்காது. வெறுந்தரையில் காத்திருந்த நாளில் ஒரு துளி விழவில்லை. அதனால் பன்னிரண்டுக்கு ஒரு கைப்பிடிச் சோற்றை வைத்துக்கொண்டு, தலையில் குடை பிடித்து, மாரிக்கனி நடுவீட்டில் உட்காருவாள்; வாசலில் பெண்கள் டப்பாவோடு உட்காருவார்கள்; பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடியக் கரிசல் விழும்.

ஆறு மாதத்தில் ருக்குதூவின் நிறம் மாறியது. வெள்ளைத் தெருவுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பாத்தி ஓடியது. மண்ணோடு வந்த விதைகள் முளைத்தன, கத்திரி, கொத்தவரை, கீரை, யாரும் கேட்காத தும்பையும் குப்பைமேனியும்கூட. வாழ்நாளில் முதல்முறையாக மண்புழுவைப் பார்த்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்துச் சோறு போட்டார்கள். சுகாதார நிலையத்துக்கு வருகிற நோயாளிகள் மாரிக்கனியிடம் நாடியைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு பிஞ்சுக் கத்திரிக்காயைக் காட்டினார்கள். வயதில் மூத்த பெண்கள்கூட அவளைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அங்கே தாத்தா என்றால் அக்காள், மரியாதைச் சொல், அவள்தான் முதல் நாள் கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சீனியம்மாளை அந்தத் தீவில் ஒருத்தரும் கண்டதில்லை, ஆனால் அவள் மனநிலை எண்பது வீட்டுக்கும் தெரிந்தது. சொந்தத்தில் கல்யாணம் என்றால், அங்கே நாலு பேர் மகளைப் பற்றிக் கேட்டிருப்பார்கள், மறுநாள் மண் ஆளுயரம் விழும். காய்ச்சலில் படுத்தாளானால் ஒரு படிதான் விழும், அதுவும் தூசியாக. கடலுக்குப் போகிறவர்கள் காற்றைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு, 'இன்றைக்கு ஸீனிம்மா எப்படி?' என்று விசாரித்தார்கள். ஹவ்வா ஒவ்வொரு தொழுகையிலும் அந்த அம்மாளுக்கு நீண்ட ஆயுளையும் குறையாத கோபத்தையும் வேண்டிக்கொண்டாள். மண்ணே இல்லாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று சீனியம்மாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான், அதற்காக அவளை யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

எருக்கும் முளைத்தது. அடுப்படிக்குப் பக்கத்தில், சிமெண்டைப் பிளந்துகொண்டு, சாம்பல் பூத்த இரண்டு இலையோடு. மண்ணுக்கு அசையாத மாரிக்கனி அதைப் பார்த்து அன்றைக்கு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். எருக்கு முளைத்த வீடு குடிவிளங்காது என்று கேட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் வயிறு வெறுமையாக இருந்தவள். அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னாசி கடப்பாறையை எடுத்து வந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்து, கடப்பாறையைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து எருக்குக்கு ஊற்றினாள். யாரும் நட்டு, யாரும் தண்ணீர் ஊற்றி உலகத்தில் எருக்கு வளர்ந்ததில்லை. அவள் வளர்த்தாள். அது ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்து ஊதாப்பூப் பூத்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

இவ்வளவிலும் இன்னாசியின் மேல் ஒரு பொடி மண் படவில்லை. வேண்டுமென்றே அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தான், அவள் தட்டிலேயே கையை வைத்துப் பார்த்தான். மண் அவன் விரலைச் சுற்றிக்கொண்டு இறங்கியது, ஓடைத்தண்ணீர் கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி. அள்ளலாம், சுமக்கலாம், பாத்தி கட்டலாம், ராக்கேலும் காலமெல்லாம் அதைத்தான் செய்தாள். வானத்திலிருந்து வருகிறது மட்டும் அவனைத் தொடாது. வெள்ளைச் சட்டையோடு வந்து வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவான், தீவுப் பெண்கள் வாத்தியாரின் சுத்தத்தைத் தங்கள் புருஷன்மாருக்குச் சொல்லிக்காட்டுவார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

ஒருநாள் மாத்திரம் சொன்னான். "சாபத்துலகூட என்னைய வெளிய நிப்பாட்டிட்டாங்க புள்ள."

மாரிக்கனிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாத ஊரில் பிறந்தவள் அவள். அன்றிலிருந்து நாளைக்கு நூறு தடவை அவனை 'இன்னாசி, இன்னாசி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள், வீட்டிலும் தெருவிலும் சுகாதார நிலையத்து வாசலிலும், கூப்பிட வேண்டிய காரியம் இல்லாதபோதும்.

அவளுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மண் விழவில்லை. புதன்கிழமையும் விழவில்லை. பஸ் ஸ்டிரைக்காக இருக்கும் என்று ஹவ்வா கூட்டத்தைச் சமாதானப்படுத்தினாள். வியாழக்கிழமை செந்தட்டி கூப்பிட்டான். குரலெல்லாம் சந்தோஷம். மாரிக்கனி உண்டாயிருக்கிற செய்தியைத் தான் சித்தி காதில் போட்டதாகவும், சித்தி மூன்று நாளாக ரோட்டுப் பக்கமே போகவில்லை என்றும், மனசு இறங்கிவிட்டது என்றும், வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல்கூடப் பார்த்துவிட்டாள் என்றும் சொன்னான். பேறுகாலத்துக்கு அவளை வரச் சொன்னாளாம். மாரிக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. செந்தட்டி கொஞ்சம் இழுத்து, "நீ மட்டும் வரணுமாம்க்கா. அந்த ஆளைப் பத்தி அப்புறம் பேசிக்கிடலாம்னு சொல்லுதாங்க" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஹசன் திதி எட்டுப் பேரோடு வந்தார். பாத்தி பாதிதான் நிரம்பியிருக்கிறது, வாழைக்கன்று வைத்தவர்கள் கையைப் பிசைகிறார்கள், தாத்தாவின் அம்மாவுக்கு மறுபடியும் கோபம் வர ஏதாவது வழி உண்டா என்று மிக மரியாதையாக விசாரித்தார். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஹவ்வா எல்லாரையும் அதட்டி அடக்கினாள். பெற்றவள் கூப்பிடுகிறாள், பிள்ளைத்தாச்சி போகட்டும், நமக்கு மண் இல்லாத காலத்திலும் நாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம் என்றாள். இன்னாசியும் அதையே சொன்னான். "போயிட்டு வா கனி. தாய் பக்கத்துல இருந்தா உனக்குத் தெம்பு. நான் இருந்துக்கிடுவேன்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் எட்டுப் பேரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். அவளுக்கு அம்மா வேண்டும். இடுப்பு வலிக்கிற ராத்திரிகளில் அம்மாவின் கை வேண்டும், அம்மா வைக்கிற பூண்டுக் குழம்பு வேண்டும், அதை மறைக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் வரப்பில் வைத்துவிட்டு நாலடி நகர்ந்துகொள்கிற வெற்றிலை மாதிரி ஒரு மன்னிப்பு அவளுக்கு வேண்டாம். செந்தட்டியைக் கூப்பிட்டு, போனைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடு என்றாள். ஹவ்வாவின் முற்றத்தில், கயிற்று நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத எண்பது வீடும் வந்து சுற்றி நின்றது.

"யம்மா, நாந்தான்."

ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, "எப்ப வார?" என்றாள் சீனியம்மாள்.

"வரலைம்மா. ஒத்தையில வரச் சொன்னியாம். ஒத்தையில வாரதுக்கு நான் ஒத்தையாளா இல்ல."

மாரிக்கனி விடவில்லை. "நீ தூத்துன மண்ணு இங்க வந்து விழுந்துச்சு, தெரியுமா? தெனமும் என் சோத்துல விழுந்துச்சு. இது மண்ணே இல்லாத ஊரும்மா. எம்பது வீட்டுல உன் மண்ணுல கத்திரிக்கா காய்க்கு."

வெகுநேரம் ஆட்டுக்குட்டிதான் பேசியது. பிறகு, "என்ன கத்திரிக்கா?" என்று கேட்டது சீனியம்மாளின் குரல். கோபித்துக்கொண்டிருந்த தாய்க்குள்ளிருந்து காட்டில் பாடுபடுகிற சம்சாரி எழுந்து வந்துவிட்டாள்.

"வெள்ளைக் கத்திரி. உன் காட்டு விதைதான்."

"பூச்சி விழுதா?"

"விழல."

"கரிசல்ல விழாது," என்றாள், தன்னையறியாமல் கொஞ்சம் பெருமையோடு. மாரிக்கனி அந்த நேரத்தில் அழுதிருக்கலாம், சரி வாரேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்ல வாயும் வந்தது. எதிரே கூட்டத்துக்குப் பின்னால் தனியாக, சுத்தமான வெள்ளைச் சட்டையில் நின்றவனைப் பார்த்தாள்.

"மன்னிக்கதா இருந்தா ரெண்டு பேரையும் மன்னி. முடியாதுன்னா ரெண்டு பேருக்கும் சேத்துத் தூத்து. எனக்கு மட்டும் விழுற மண்ணு இனிமே எனக்கு வேண்டாம். அவனுக்கு ஒரு பேரு இருக்கும்மா. வையதுக்காவது அந்தப் பேரைச் சொல்லு."

போன் வைக்கப்பட்டது. கூட்டம் அவளைப் பார்த்தது. ஹசன் திதி தொண்டையைச் செருமி, கோபம் வந்ததா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள் மாரிக்கனி.

மறுநாளிலிருந்து அவள் நடுவீட்டில் இரண்டு தட்டு வைத்தாள். குடையை மடித்து மூலையில் சாத்தினாள். பன்னிரண்டு மணிக்கு இரண்டு தட்டிலும் சோறு போட்டு, இன்னாசியைக் கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்கார வைத்து, பாங்கு முடிகிற மட்டும் இருவரும் சோற்றைத் தொடாமல் காத்திருந்தார்கள். மண் விழவில்லை. சனிக்கிழமை விழவில்லை, ஞாயிற்றுக்கிழமை விழவில்லை. பாத்தி ஓரத்தில் வெள்ளை மணல் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. வாழைக்கன்று வைத்தவன் ஒருத்தன், ஒரு வார்த்தை பணிந்து பேசினால் என்ன குறைந்துபோகும் என்று வாசலில் நின்று கேட்டான். பணிந்துதான் மூன்று தலைமுறை குவிந்த கையில் தண்ணீர் குடித்தது, இனி முடியாது என்று மாரிக்கனி தமிழிலேயே சொன்னாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, போய்விட்டான். இன்னாசி, விடு புள்ள, சோறு ஆறுது என்பான். ஆறட்டும் என்பாள். ஏழு நாள், எட்டு நாள், பத்து நாள். வாசலில் டப்பாக்கள் குறைந்துகொண்டே வந்து, பதினோராம் நாள் ஹவ்வாவின் டப்பா மட்டும் இருந்தது.

அன்றைக்குப் பாங்கு முடிந்தது. ஒன்றும் விழவில்லை. இன்னாசி தட்டைப் பக்கத்தில் இழுத்தான்.

அப்போது அவன் சோற்றில் மண் விழுந்தது.

முதலில் ஒரு பிடி, நேராகத் தட்டின் நடுவில். பின்னாலேயே அரைப்படி, அவன் நெற்றியில் பட்டுச் சிதறியது. அதற்கும் பின்னால், ஒன்றரை வருஷத்துக்கும் பதினாலு நாளுக்கும் சேர்த்து வைத்திருந்தது மாதிரி, கூரையளவு கரிசல் மடமடவென்று இறங்கி, அவன் தலை, தோள், வெள்ளைச் சட்டை, மடித்த கால் எல்லாவற்றையும் மூடி, மிச்சம் மீதியாக மாரிக்கனியின் தட்டிலும் கொஞ்சம் கொட்டியது. ஹவ்வா வாசலிலிருந்து தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள், எண்பது வீட்டிலும் டப்பா உருளுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் செந்தட்டி கூப்பிட்டு விவரம் சொன்னான். பன்னிரண்டரை பஸ் வந்ததாம், சித்தி ரோட்டுக்கு வந்தாளாம், நாலு நிறுத்தத்துக்குக் கேட்கிற மாதிரி, "ஏலே இன்னாசி, எம்புள்ளையக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயிட்டியேலே, உன் சோத்துல மண்ணு விழ" என்று கத்தினாளாம். அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட கண்டக்டர் ஜன்னலை அடைக்கச் சொல்ல மறந்துவிட்டானாம். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் மண்ணோடுதான் விளாத்திகுளம் போய்ச் சேர்ந்தார்களாம். ஓடைக்கு அந்தப் பக்கம் ராக்கேல் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றாளாம்.

ஆனால் அந்த விவரம் வருவதற்கு முன்பே இருவருக்கும் தெரிந்துவிட்டது. மாரிக்கனி முந்தானையை எடுத்து அவன் முகத்தைத் துடைக்கப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். மண் விழுந்த சோற்றை ஒதுக்காமல் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டான், நறுக்கென்று ஓடைக்கல் கடிபட்டது, கண்ணீரும் சிரிப்புமாக மென்று விழுங்கினான்.

"உங்கம்மா எம்பேரைச் சொல்லிட்டாங்க புள்ள," என்றான்.

அந்தச் சட்டையை அவன் துவைக்க விடவில்லை. மறுநாள் காலையில் அதையே போட்டுக்கொண்டு, தோளில் கரிசல் அப்பியிருக்க, ஊர் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனான்.